பிளாஸ்டிக் கல்லுக்கு இங்கிலீஷ்

ஐம்பத்திரண்டு வயதில், குழந்தைகள் ஒன்றோடு ஒன்று மாட்டி விளையாடும் பிளாஸ்டிக் கல்லைக் கடித்துப் பிரிக்கப் போய் முன்பல்லின் ஓரத்தை உடைத்துக்கொண்டவன் நான். பொன்னேரியில் பல் டாக்டரிடம் முறுக்கு என்று சொன்னேன். அவர் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன கலர் முறுக்குங்க?" என்று கேட்டார். பல்லிடுக்கில் சிவப்பாக ஏதோ ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வெளியே காத்திருந்தவர்களிடம் நான் போன பிறகு சொல்லியிருப்பார்.

கல்லைக் கடித்தது பசியால் அல்ல, ஆங்கிலத்தால். ஒரு செயலுக்கு இயல்பான சொல் வேண்டுமென்றால் அந்தச் செயலை நாமே செய்து பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்ததை நம்பிவிட்டேன். இப்படிப் படித்ததையெல்லாம் நம்பித்தான் வாழ்க்கையில் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி ஆகியவற்றின் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதில் தமிழ்ப் பகுதி என் கைவண்ணம். அதை யாரும் படிப்பதில்லை. நடுநடுவே பத்திரிகைகளில் நகைச்சுவை என்ற தலைப்பின்கீழ் எழுதுகிறேன். அதையும் அதே அக்கறையோடுதான் படிக்கிறார்கள். ஆனால் பழவேற்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கையில் கனமான ஆங்கில நாவல் வைத்திருப்பேன். அதைப் பார்த்து, இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற வதந்தி ஏரிக்கரை முழுக்கப் பரவியிருந்தது. நானும் மறுக்கவில்லை.

அந்த வதந்தியை நம்பி வந்தவள் என் சின்னம்மா மகள், தங்கச்சி. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். வலைகளைப் போட்டுவைக்கக் கட்டி, பிறகு யாரும் சீந்தாமல் விட்ட ஓர் அறையில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாட்டும் பாட்டும் சொல்லித்தரும் வேலை அவளுக்கு. காலையில் அம்மாக்கள் இறால் பிரிக்கப் போவார்கள், அப்பாக்கள் ஏரியில் இருப்பார்கள். நடக்கத் தெரிந்து, ஆனால் தண்ணீர் ஆழம் தெரியாத வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அறைதான் கதி. வெளிநாட்டில் இருக்கும் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அதையும், அதுபோல வேறு ஊர்களில் இருந்த அறைகளையும் நடத்திவந்தது. அவர்களுடைய சார்பில் சென்னையிலிருந்து ஒரு மேடம் எப்போதாவது வந்து எட்டிப்பார்ப்பார்.

அதற்கு முன் தங்கச்சி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் வேன் வரும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். "எம்பொண்ணு முழுச்சிக்கினு என்னப் பாத்தது ஞாயித்துக்கிழமை மட்டுந்தாண்ணா" என்று ஒருமுறை சொன்னாள். இந்த அறை கிடைத்தபின் மகளும் அந்தப் பிள்ளைகளில் ஒன்றாக அவள் கண்முன்னே உட்கார்ந்திருந்தது. 

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மறுபடியும் மணல் மூடிக்கொண்டிருந்த நாட்களில் அந்தச் சேதி வந்தது. எல்லா ஊர் அறைகளையும் இனி நடத்த முடியாதாம், சிலவற்றைத்தான் வைத்துக்கொள்வார்களாம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெட்டி விளையாட்டுக் கல் வரும். பிள்ளைகள் அதை வைத்துக் கட்டுவதை டீச்சர் ஒரு சின்ன வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் கட்டக் கட்ட, டீச்சர் கூடவே அதை எளிமையான, இயல்பான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள்.

"நேச்சுரல் இங்கிலீஷ்னு போட்டுக்கீறாங்கண்ணா" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது பரீட்சை இங்கிலீஷ். இந்த ரூம் போச்சுன்னா மறுபடி வேன்தான்."

எனக்குத் தெரிந்ததும் அதேதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அதுக்கு இன்னாமா, பாத்துக்கலாம்" என்றேன்.

முதல் முயற்சியை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்துக் காட்டினாள். 'லெட் அஸ் கமென்ஸ் தி கன்ஸ்ட்ரக்ஷன்' என்று தொடங்கியது. அடுத்த வரியில் 'இரெக்ட்' வந்தது. அதற்கடுத்ததில் 'அஃபிக்ஸ்'. வாசலோரம் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"இன்னா மச்சான், ஏரியில பாலம் கட்டப் போறாங்களா?"

"நீ கம்முனு இரு மாப்ளே. இது குழந்தைங்களுக்கு."

"அதாங் கேட்டேன். கொழந்தைங்கள வெச்சி பாலம் கட்டினா போலீஸ்ல புடிப்பாங்க."

என் ஆங்கிலத்தின் குறை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் படித்த நாவல்களில் மனிதர்கள் குதிரை வண்டியில் போகிறார்கள், உயில் எழுதுகிறார்கள், காசநோயில் அழகாகச் சாகிறார்கள். ஒருவர்கூடத் தரையில் உட்கார்ந்து இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று அமுக்குவதில்லை. பரம்பரைச் சொத்துக்கு வழக்காடும் அளவு ஆங்கிலம் என்னிடம் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளையிடம் பேசும் ஆங்கிலம் இல்லை.

பெட்டியிலிருந்து ஒரு கேரிபேக் நிறையக் கற்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மேஜையில் கொட்டினேன். பிள்ளைகள் தமிழில் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கவனித்து வைத்திருந்தேன். மாட்டு, சொருகு, அமுக்கு, புடுங்கு. நாலே சொல்தான், உலகம் ஓடிவிடுகிறது. அவற்றுக்கு ஆங்கிலம் தேட வேண்டும். சொருகுக்கு 'இன்செர்ட்' என்று கை தானாக எழுதியது. அது என் தொழில் சொல். பிளக்கைச் சொருகவும். அப்படிச் சொன்னால் பிள்ளை கல்லை எடுத்துக்கொண்டு கரண்டைத் தேடிப் போய்விடும். 'அட்டாச்' என்றால் ஆபீஸ் வாசனை வருகிறது. 'ஃபிக்ஸ்' எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் மீட்டிங்குக்கும் போய்விட்டது. 'ஜாயின்' காலேஜில் செய்வது. இப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் 'புட் இட் ஆன்' என்பதில் வந்து நின்றேன். முப்பது வருஷ வாசிப்பு என்னைக் கொண்டுவந்து சேர்த்த இடம் 'புட்'. ஒன்றாம் வகுப்பிலேயே நின்றிருந்தால் நேராக இங்கே வந்திருக்கலாம்.

அமுக்குவதற்கு 'பிரெஸ் இட் டௌன்'. புடுங்குவதற்கு 'ரிமூவ்' என்று எழுதி அடித்தேன், 'டிஸ்மேன்டில்' என்று எழுதி வெட்கத்தோடு அடித்தேன். அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், தட்டையான கல் ஒன்று இன்னொன்றின்மேல் ஒட்டிக்கொண்டு வர மறுத்து, நான் அதை வாயில் வைத்தது. 'புல் இட் ஆஃப்' கிடைத்தது. பல் போனது. வியாபாரம் என்றால் அப்படித்தான்.

கட்டு என்ற சொல்லோடு தனியாக ஒரு நாள் போனது. நாம் வீடு கட்டுகிறோம், வலை கட்டுகிறோம், புடவை கட்டுகிறோம், படகைக் கரையில் கட்டுகிறோம், தாலியும் கட்டுகிறோம். எல்லாம் ஒரே ஆள் பார்க்கிற வேலை. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். 

"வசதியானவங்க, வெச்சிக்கிறாங்க" என்றாள் தங்கச்சி.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. சொற்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்ய மறுத்துவிட்டாள். வீட்டு வேலை செய்துகொண்டே வாயில் போட்டு உருட்டினாள். மாப்பிள்ளை என்னிடம் வந்து முறையிட்டான்.

"இட்லி வெக்கும்போது 'ஒன் மோர் ஆன் டாப்'ன்னுது மச்சான். சந்தோசமாத்தான் இருந்துச்சி. அப்பால 'புல் இட் ஆஃப்'னு தட்டையே எடுத்துக்கினு போயிடுச்சி. நான் பாதிகூட துன்னல."

"இங்கிலீஷ் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"எனுக்கு இட்லி வரணும்."

சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அவ்வளவுதான். வானம் மூடியே கிடந்தது, ஏரித் தண்ணீர் டீ நிறத்தில் அசையாமல் நின்றது. அறையின் சுவரில் உப்பு பூத்து, பிள்ளைகள் ஒட்டியிருந்த காகிதப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. தங்கச்சி அவற்றை எடுத்துத் திரும்ப ஒட்டுவாள். மறுநாள் மறுபடி கீழே கிடக்கும்.

வீடியோ எடுத்த நாளில் போனை நான் பிடித்துக்கொண்டேன். பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. அவள்தான் அன்றைக்குக் கட்டுவாள். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை, ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. 'நல்ல பிள்ளைங்க, சத்தம் இல்லாமல் பதிவாகும்' என்று நினைத்தேன். அதைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவே. தங்கச்சி அதுவும் நினைத்திருக்க மாட்டாள்.

நாங்கள் தயார் செய்து வைத்திருந்தது ஒரு கோபுரம். ஒன்றின்மேல் ஒன்று, உயர உயர, கடைசியில் விழுந்து சிதறும், எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கான ஆங்கிலம் எல்லாம் தங்கச்சி நாக்கில் தயாராக இருந்தது. அந்தச் சிறுமி என்ன செய்தாள் என்றால், ஒரு கல்லைத் தரையில் வைத்தாள். அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. மேலே போகவே இல்லை. ஒரே வரிசையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

'ஆன் டாப்' அத்தனையும் வீண். ஆனால் தங்கச்சி அசரவில்லை. சிறுமியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, 'யூ ஆர் புட்டிங் தெம் இன் எ ரோ' என்றாள். 'ரெட் ஒன் நெக்ஸ்ட் டு தி ப்ளூ ஒன்' என்றாள். வரிசை சுவரைத் தொட்டபோது, நான் எங்கோ ஓரத்தில் எப்போதோ சொல்லிக்கொடுத்து மறந்தும் போயிருந்த 'ஆல் தி வே டு தி வால்' என்பதை எடுத்துப் போட்டாள். எவ்வளவு இயல்பாக. எனக்குப் புல்லரித்தது. அந்தச் சின்ன 'ஆல் தி வே'க்காக எந்த நாட்டுக்காரனும் எழுந்து நின்று கை தட்டுவான் என்று எனக்குத் தோன்றியது.

அனுப்பினோம். பதில் வரவில்லை. வாரங்கள் போயின. அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "வரும்க்கா, நல்லாத்தான் வந்துக்கீது" என்று தங்கச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னிடம் மட்டும், "ஒருவேள எதுனா தப்பா சொல்லிட்டேனாண்ணா?" என்று கேட்பாள். நான் வீடியோவைப் போட்டு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அப்போதும் இல்லை.

ஒரு மத்தியானம் மேடமே காரில் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். டீ வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். அந்த வரிசையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கெட்ட சேதி கொண்டுவருகிறவர்கள்தான் டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

"வீடியோவை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தாங்களாம்" என்றார்.

பாராட்டைப் பணிவாக ஏற்றுக்கொள்ளும் முகத்தை நான் தயார் செய்துகொண்டேன்.

"ரொம்ப வருத்தப்பட்டாங்க. ஒரே ஒரு குழந்தை மொத்தப் பெட்டியையும் வெச்சு விளையாடுது. மத்த பிள்ளைங்க கையைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கு. இது ஏதாவது தண்டனையான்னு கேட்டாங்க."

தங்கச்சிக்குப் புரியவில்லை. "யாருக்கு மேடம் தண்டனை?"

"மத்த பிள்ளைங்களுக்கு."

"இல்ல மேடம். அன்னிக்கு அதோட பாடு."

"பாடுன்னா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சோறு என்றால் என்ன என்று கேட்டதுபோல இருந்தது.

ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது, அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர்கள் இந்த இடம், அடுத்து அவர்கள் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தன் பாடு வரும் நாளில் அந்த இடம் முழுக்க ஒருவனுடையது. மற்றவன் வேறெங்காவது போவான், அல்லது கரையில் உட்கார்ந்து பார்ப்பான். வலையைத் தொட மாட்டான். கல் பெட்டி வந்த அன்றே தங்கச்சி பிள்ளைகளுக்குச் சீட்டுப் போட்டுவிட்டாள். ஆளுக்கு ஒரு பிடி பிரித்துக் கொடுத்தால் யாரும் எதையும் கட்ட முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு மொத்தப் பெட்டியும். பிள்ளைகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் தினமும் நடப்பது.

இதில் அவள் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தாள். ஏரியின் பாடு முறையில் எல்லா வீட்டுக்கும் பேர் கிடையாது. பேர் இல்லாத குடும்பங்கள் கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் எடுத்துப் பிழைக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அவள் சீட்டுப் போட்டாள். இரட்டைச் சடைச் சிறுமி அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. அவள் குடும்பத்தில் யாருக்காவது எதிலாவது பாடு வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இதையெல்லாம் மேடமிடம் நான்தான் சொன்னேன். தேவைக்கு மேலேயே சொன்னேன். நடுவில் நிலவுரிமை, வரலாறு என்றெல்லாம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டீ ஆறிப்போயிருந்தது.

"புரியுது" என்றார். "இதை வீடியோவிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாமே. இங்கே பிள்ளைங்க டர்ன் எடுத்து விளையாடுறாங்க, இன்னிக்கு இவ டர்ன்னு. அவ்வளவு போதுமே."

'டேக்கிங் டர்ன்ஸ்.' ஆங்கிலம் பேசும் எந்த வீட்டிலும் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சு. அகராதிகூடத் தேவையில்லை. 'கட்டு'க்கு ஒரு நாளும் 'புல் இட் ஆஃப்'புக்கு ஒரு பல்லும் செலவழித்தவனுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு, அது சொல்லவேண்டிய ஒன்று என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்ப நீங்க எடுத்துச் சொன்னா ஆவாதா மேடம்?" என்று தங்கச்சி கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. 

"சொல்றேன்மா. நிச்சயமா சொல்றேன். ஆனா உங்க ரூமுக்கான இடத்தை வேற ஊருக்குக் கொடுத்தாச்சு." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைங்க அவ்வளவு அமைதியா உட்கார்ந்திருந்ததுதான் அவங்களுக்குப் பயமா இருந்துச்சாம்" என்றார்.

கார் வரைக்கும் அவரோடு போனேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அந்த இங்கிலீஷ் எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"எது?" என்றார். பிறகு நினைவு வந்தவராக, "ஓ, அதுவா. நல்லா இருந்துச்சே" என்றார். அவர் வீடியோவைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மாதக் கடைசியில் அறையைப் பூட்டினார்கள். கல் பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள். அது தங்கச்சி வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அவள் மறுபடி வேனில் போகிறாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறாள். சில பிள்ளைகள் வந்து வாசலில் நின்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். இன்றைக்கு யார் பாடு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் யாரும் பெட்டியைத் தொடுவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தூங்குகிறாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். உள்ளே தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நானும் மாப்பிள்ளையும் வாசலில் உட்கார்ந்தோம். அவன் அந்த வீடியோவை அதுவரை பார்த்ததே இல்லை. என் போனில் போட்டுக் கொடுத்தேன். முழுக்கப் பார்த்தான். 'ஆல் தி வே டு தி வால்' வந்த இடத்தில் நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இங்கிலீஷ் எப்படி மாப்ளே?"

"நல்லாக்கீது மச்சான்" என்றான். கிழிந்த வலையை எடுத்துக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டான். "ஆனா அவங்க சத்தம் வெச்சிப் பாத்திருக்க மாட்டாங்க. நாங்களே எவனாவது வீடியோ அனுப்புனா சத்தத்த ஆஃப் பண்ணிட்டுதான் பாப்போம்."